நெல் விதையில் குறையா, வேறெங்கோ குறையா: அறிகுறி பார்த்துக் கண்டறியும் வழிமுறை

புதுவையின் பாகூர் ஏரிப் பாசனமாக இருந்தாலும் கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரிப் பாசனமாக இருந்தாலும், நெல் வயலில் ஏதேனும் கோளாறு கண்ணில் பட்டவுடன் வரப்பில் நிற்பவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "விதை சரியில்லை" என்ற பேச்சுதான். சில வேளைகளில் அது முற்றிலும் உண்மை. வேறு சில வேளைகளில், பருவம் தவறி விதைத்தது, ஊறவைத்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விட்டது, முற்றிய நாற்றை நட்டது போன்ற நம்முடைய பிழைகள் விதையின் தலையில் ஏறிவிடுகின்றன. இரண்டையும் பிரித்தறியாவிட்டால் குற்றமற்ற இரகத்தைக் கைவிட்டுவிடுவோம், அல்லது குறையுள்ள விதையையே அடுத்த பட்டத்திலும் (சாகுபடிப் பருவத்திலும்) விதைப்போம். விதையால் வந்த குறைக்கும் நீரால், பருவத்தால், பூச்சியால் வந்த குறைக்கும் வயலில் வெவ்வேறு சாயல் உண்டு. அந்தச் சாயலைப் படிப்பதற்கான வழிமுறையே இது. உங்கள் வயலில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ, அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.

அதிக மகசூல் இரகங்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 1966-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 8 இரகத்தை வெளியிட்ட காலந்தொட்டு நம் வயலுக்கு வந்த குட்டை இரகங்கள், பயிர் முழுவதும் ஒரே உயரத்தில் நின்று, ஏறத்தாழ ஒரே வாரத்தில் கதிர் விட்டு, ஒன்றாக முற்றும் என்ற கணக்கை நம்பியே விளைச்சல் தருகின்றன. மேலுரம் இடும் நாள், தண்ணீரை வடிக்கும் நாள், அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் நாள் ஆகிய அனைத்தும் அந்த ஒருமைப்பாட்டைச் சார்ந்தவை. விதையில் கலப்பும் முளைப்புக் குறைவும் வந்துவிட்டால், இரகத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

விதை மூட்டையின் சாக்கு, அதில் தைத்திருந்த அட்டை, வாங்கிய ரசீது, அதே மூட்டையிலிருந்து எடுத்து உலர்ந்த புட்டியில் மூடிவைத்த அரைக் கிலோ விதை ஆகிய நான்கையும் அறுவடை முடியும்வரை பாதுகாக்கவும். பலரும் அட்டையை முதல் நாளே கிழித்து எறிந்துவிடுகிறார்கள். பின்னால் எந்தக் கேள்வி எழுந்தாலும், விதை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் குவியல் எண் இல்லாமல் ஒருவரும் விடை சொல்ல முடியாது.

அட்டையின் நிறமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மஞ்சள் அட்டை இரகத்தின் மூல விதையான வல்லுநர் விதைக்கும், வெள்ளை அட்டை அதிலிருந்து பெருக்கிய ஆதார விதைக்கும், நீல அட்டை ஆதார விதையிலிருந்து விவசாயிக்கெனப் பெருக்கிய சான்று விதைக்கும் உரியவை. பச்சை அட்டை உண்மைநிலை விதைக்கு உரியது. இதில் உற்பத்தியாளர் தாமே உறுதி கூறுகிறாரே தவிர, சான்றளிப்புத் துறையினர் விதைப்பண்ணையில் இறங்கி வயலாய்வு செய்வதில்லை. நெல் சான்று விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறனும் 98 சதவீதப் புறத்தூய்மையும் (மண், பதர், வேறு விதை கலக்காத தூய்மை) இருக்க வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம்வரை சான்று செல்லும். அதன்பின் மறுபரிசோதனையில் தேறினால் மேலும் 6 மாதம் நீட்டிக்கப்படும். காலாவதி நாளைப் பார்க்காமல் மூட்டையை வண்டியில் ஏற்றக் கூடாது.

அறிகுறி: ஊறவைத்த விதை முளைக்கவில்லை, அல்லது பாதி மட்டும் முளைத்தது

மூட்டை மொத்தத்தையும் வீசுவதற்கு முன், புட்டியில் வைத்த விதையிலிருந்து 100 மணிகளைப் பொறுக்காமல் எண்ணி எடுக்கவும். நல்லதாகப் பார்த்து எடுத்தால் சோதனையே பொய்யாகிவிடும். ஈரத் துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் சாய்த்து வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து வரவும். ஐந்தாம் நாள் விரித்துப் பார்த்தால் பெரும்பாலான செய்தி கிடைத்துவிடும். ஆய்வகத்தில் 400 மணிகளை வைத்துப் பதினான்காம் நாள் இறுதிக் கணக்கு எடுக்கிறார்கள். வீட்டு முடிவுக்கு 100 மணிகளே போதும்.

முளைத்தவற்றை எண்ணுவதோடு நிறுத்திவிடாமல், முளைக்காத மணிகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்க்கவும். இந்த வழிமுறையில் மிகவும் பயனுள்ள படி இதுதான். அழுத்தும்போது மணி நசுங்கி, வெள்ளையாகப் பால்போலக் கசிந்து, புளித்த வாடை வீசினாலோ பூசணம் படர்ந்திருந்தாலோ அது இறந்த விதை. மணி நீர் உறிஞ்சி உப்பியிருந்தும், அழுத்தினால் நசுங்காமல் கெட்டியாக நின்றால் அது உயிருள்ள உறங்கும் விதை. இரண்டுக்கும் பரிகாரம் முற்றிலும் வேறு.

உறங்கும் விதை அதிகமாக இருந்தால், அறுவடை செய்து சில வாரங்களே ஆன நெல்லை விதைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். சொர்ணவாரிப் பட்டத்தில் அறுத்ததை உடனே சம்பாப் பட்டத்துக்கும், குறுவைப் பட்டத்தில் அறுத்ததை உடனே தாளடிப் பட்டத்துக்கும் எடுக்கும் நம் பக்கத்தில் இது அடிக்கடி நிகழும். அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைத்துவிடாமல் நெல்லைக் காப்பதும் இந்த உறக்கம்தான் என்பதால், இதை விதையின் குறையாகக் கருதுவது நியாயமன்று. விதைப்புக்கு நாள் இருந்தால் விதையை இளவெயிலில் காயவைத்துச் சில வாரம் காத்திருக்கலாம். நாள் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் வீதம் கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிவிட்டு முளைகட்டலாம்.

இறந்த விதை அதிகமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஈரமும் சூடும்தான். இயந்திரம் அறுத்த ஈர நெல்லை மூட்டையாகக் கட்டி இரண்டு நாள் போட்டுவைத்தால், மூட்டைக்குள் கையை விட்டாலே சூடு தெரியும். அந்தச் சூட்டில் கரு இறந்துவிடும். மேலே பார்க்க நெல் பொன்னாகவே இருக்கும். தார்ச்சாலையில் உச்சி வெயிலில் பரப்பிக் காயவைத்த நெல்லுக்கும் இதே கதிதான். சாலையில் காய்ந்த நெல் அரிசிக்குப் போகலாம், விதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சாலைச் சூடு ஒருபுறம் இருக்க, பக்கத்துக் குவியலில் எந்த இரகம் காய்கிறது என்பதும் நம் கையில் இல்லை.

புட்டி விதை நன்றாக முளைத்து, ஊறவைத்த மூட்டை மட்டும் முளைக்கவில்லை என்றால் குறை நம்முடையது. தேங்கிய நீரில் இரண்டு நாளுக்கு மேல் ஊறவிட்டது, சாக்கின் வாய்வரை விதையைத் திணித்துக் கட்டியது, முளைகட்டும்போது நடு மூட்டை காய்ந்தும் வெந்தும் போனது ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சாக்கில் பாதியளவே விதை இட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒருமுறை நீரை மாற்றி, பிறகு 24 மணி நேரம் வைக்கோல் மூடி வைப்பதே வழக்கம். மார்கழிக் குளிரில் நவரைப் பட்டத்துக்கு விதைப்பவர்கள் முளைகட்டக் கூடுதலாக அரை நாள் பொறுக்க வேண்டும்.

முளைப்பு 80-க்குக் கீழும் 60-க்கு மேலும் இருந்து, மாற்று விதைக்கு வழி இல்லாதபோது, விதையளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். மத்திய கால இரகத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ என்பது பரிந்துரை. முளைப்பு 60 சதவீதமானால் 16-ஐ 80-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, சுமார் 21 கிலோ வருகிறது. அதற்கும் கீழே போனால் அந்த விதையை நம்ப வேண்டாம். முளைத்தவையும் வீரியமின்றியே நிற்கும்.

அறிகுறி: முளை நன்றாக வந்தது, நாற்றங்கால் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது

திட்டுகள் பள்ளத்தைப் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். விதைத்த இரவே மழை பெய்து நீர் வடியாமல் நின்ற இடங்களில் வழுக்கையும், விதை அடித்துச் செல்லப்பட்ட மூலையில் கொத்தாக நாற்றும் தெரிந்தால் அது மட்டப்படுத்தாத நாற்றங்காலின் பிழை. மேடு பள்ளம் என்ற வேறுபாடு இல்லாமல் நாற்றங்கால் முழுவதும் ஒரே சீராக மெலிந்திருந்தால் விதையின் வீரியத்தைச் சந்தேகிக்கலாம். பதரும் பாதி நிரம்பிய மணியும் கலந்த விதையில் இது வரும். அதைத் தவிர்க்க எளிய வழி உப்புக் கரைசல். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து பழைய 25 காசு அளவுக்கு மேலே தெரியும்வரை கல்லுப்பைக் கரைக்கவும். சுமார் ஒன்றரைக் கிலோ பிடிக்கும். அதில் விதையைக் கொட்டி, மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவவும். கழுவாமல் விட்டால் உப்பே முளைப்பைக் கெடுக்கும்.

அறிகுறி: இடையிடையே சில நாற்றுகள் மட்டும் நெட்டையாக, வெளிறி, ஒல்லியாக நிற்கின்றன

இதைக் கலப்பு விதை என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் உண்மை தெரியும். கலவனாக, அதாவது கலந்துவிட்ட வேறு இரகச் செடியாக இருந்தால், அது நெட்டையாக இருந்தாலும் பச்சையாக, திடமாக இருக்கும். நோயாக இருந்தால் இலை மஞ்சள் கலந்த வெளிர்பச்சையாகவும், தண்டு மெலிந்தும், நட்டபின் மண்ணுக்கு மேலுள்ள கணுவிலும் வேர் விட்டும் இருக்கும். சில நாளில் அடித்தண்டு அழுகி, அதில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் தெரியும். இதற்குப் பக்கானே என்று பெயர். பூசணம் சுரக்கும் ஒரு பொருளே நாற்றை அப்படி இழுத்து வளர்க்கிறது என்பதை 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய அறிவியலர் காட்டினார். இன்று திராட்சைக் கொத்துக்குத் தெளிக்கும் ஜிப்ரலிக் அமிலத்தின் பெயர் இந்தப் பூசணத்திலிருந்து வந்ததுதான்.

இது விதை வழியே வரும் நோய் என்பதால் இங்கே விதையைக் குறை கூறுவது சரியே. நோயுற்ற நாற்றுகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, நடவுக்கு எடுக்காமல் தவிர்க்கவும். நட்டபின் தெரிந்தால் குத்தோடு (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள் அனைத்தோடும்) பிடுங்கிவிடவும். அந்த வயலிலிருந்து அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கக் கூடாது. அடுத்த முறை விதைநேர்த்தியைத் தவறவிடாமல், கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லி, அல்லது கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா என ஏதேனும் ஒன்றைச் செய்யவும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் முன்னது பின்னதைக் கெடுக்கும் என்பதால், இரட்டைப் பலன் கிடைக்கும் என்ற கணக்கு பலிக்காது.

அறிகுறி: கதிர் வரும்போது வேறு இரகங்கள் கலந்து தெரிகின்றன

பயிர் தொண்டைக் கதிர் பருவத்தை (கதிர் உறைக்குள் திரண்டு நிற்கும் பருவத்தை) எட்டும்போதுதான் கலவன்கள் தலை காட்டும். சில குத்துகள் ஓர் அடி உயர்ந்து நிற்கும். சில பத்து நாள் முன்னதாகக் கதிர் விடும். சிலவற்றின் அடித்தூரில் ஊதா நிறம் இருக்கும். சில மணிகளுக்கு மீசை இருக்கும். சிலவற்றை உரித்தால் அரிசி சிவப்பாக இருக்கும். இது விதையோடு வந்ததா, மண்ணில் கிடந்ததா என்பதே முதல் கேள்வி.

விடை வரிசையில் இருக்கிறது. நடவு வயலில் கலவன் குத்துக்கு உள்ளேயே, நட்ட நாற்றுகளில் ஒன்றாக நின்றால் அது விதையோடு நாற்றங்காலுக்கு வந்தது. இரண்டு வரிசைகளுக்கு இடையில், நடாத இடத்தில் தனியாக நின்றால் அது சென்ற பட்டத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்தது. அதற்கு விதை விற்றவர் பொறுப்பல்லர். கை நடவில் வரிசை ஒழுங்கில்லாவிட்டால், சந்தேகப்படும் குத்தைத் தோண்டிப் பாருங்கள். ஒரே குத்தில் வெவ்வேறு உயரமுள்ள இரண்டு தண்டுகளின் வேர்கள் பின்னிக்கிடந்தால் அவை ஒன்றாக நட்டவை. நாற்றங்கால் போட்ட மூலையிலேயே பழைய நெல் முளைத்து நாற்றோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். காட்டுமன்னார்கோயில், குமராட்சிப் பக்கம் புழுதியில் நேரடியாகத் தெளிப்பவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவர்கள் புட்டியில் வைத்த விதையையும், அதே குவியல் எண்ணை வாங்கிய இன்னொருவர் வயலையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. சான்று விதையில் 98 சதவீத இனத்தூய்மை இருக்க வேண்டும் என்பது தரம். அதாவது 100 செடிகளில் 2 வரை வேறாக இருக்க இடமுண்டு. ஒரு குத்தில் இரண்டு மூன்று நாற்று வைத்து நடுவதால், அந்த 2 சதவீதமே குத்துக் கணக்கில் 1,000-க்கு 50 என்று தெரியும். வயலின் ஐந்து இடங்களில் 200 குத்து வீதம் எண்ணவும். 50-க்கு வெகுவாகக் கீழே இருந்தால், பார்க்கக் கண்ணை உறுத்தினாலும் அது புகாருக்கு உரிய அளவன்று. 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு இரண்டு லட்சம் குத்துகள் நிற்கின்றன. வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் உயர்ந்து நிற்கும் நூறுதான் படும்.

என் வயலிலேயே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிபிடி 5204, அதாவது ஊரில் ஆந்திரா பொன்னி என்கிறோமே அது, சொந்த விதையாக இரண்டு பட்டம் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சம்பாவில் மற்றப் பயிர் பால் பிடித்துத் தலை சாயத் தொடங்கியபோது, ஆங்காங்கே சில குத்துகள் அப்போதுதான் கதிர் நீட்டின. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பொன்னியின் மெல்லிய மணி அல்ல, குட்டையும் பருமனுமாக, பொன்மணி என்று நாம் அழைக்கும் சிஆர் 1009 போன்ற மணி. இரண்டு நாள் யோசித்தபிறகே விளங்கியது. முந்தைய ஆண்டு அறுவடை இயந்திரம் பொன்மணி அறுத்த வயலிலிருந்து நேராக என் வயலுக்கு இறங்கியது. தொட்டியில் தங்கியிருந்த நெல் என் முதல் மூட்டைகளில் விழுந்திருக்கிறது. நானோ, கைக்கு எட்டிய முதல் மூட்டையையே விதைக்கென்று ஒதுக்கினேன். இயந்திரக்காரர் தம் வேலையைத்தான் செய்தார், ஒதுக்கியவன் நான். அன்றிலிருந்து விதைக்கு என்றால் வயலின் நடுப்பகுதியைக் கடைசியில் அறுக்கச் சொல்லி, அந்த நெல்லை மட்டும் எடுக்கிறேன்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அயல் மகரந்தச் சேர்க்கை 1 சதவீதத்தை எட்டுவதே அரிது. விதைப்பண்ணைக்குப் பக்கத்து இரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி போதும் என்று விதித்திருப்பதும் அதனால்தான். ஆகவே "பக்கத்து வயல் பூந்தாது விழுந்து கெட்டுவிட்டது" என்ற விளக்கத்தை நான் எளிதில் ஏற்பதில்லை. களம், சாக்கு, இயந்திரம், நாற்றுக்கட்டு மாறியது ஆகிய நான்கில் ஒன்றில்தான் கலப்பு நுழைந்திருக்கும்.

பரிகாரம்: விதைக்கு எடுக்கப்போகும் பகுதியில் பூக்கும் முன்பும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்பும் கலவன்களைக் குத்தோடு பிடுங்க வேண்டும். கதிரை மட்டும் கிள்ளினால் பக்கத் தூர் (அடியில் கிளைத்த தண்டு) மறுபடி கதிர் விடும். அரிசிக்குப் போகும் பகுதியில் அவ்வளவு கூலி செலவிட வேண்டியதில்லை. சிவப்பரிசி நெல்லையும் காட்டு நெல்லையும் மட்டும் மணி உதிரும் முன் கட்டாயம் நீக்கவும். மண்ணில் கிடப்பது தொல்லையாக இருந்தால், அடுத்த பட்டத்துக்கு முன் ஒருமுறை நீர் பாய்ச்சி, உதிர்ந்த நெல்லை முளைக்கவிட்டு மடக்கி உழுதால் பெரும்பகுதி அழிந்துவிடும்.

அறிகுறி: வயல் முழுவதும் சொன்ன நாளுக்கு முன்னதாகவோ பின்னதாகவோ கதிர் விட்டது

பலருக்கும் முதலில் தோன்றுவது வேறு இரகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதே. அந்த முடிவுக்கு வருமுன் நாற்றின் வயதை நினைவுபடுத்திக்கொள்ளவும். கோ 51, ஆடுதுறை 43 போன்ற ஏறத்தாழ 110 நாள் இரகங்களை 18 முதல் 22 நாள் நாற்றாக நட வேண்டும். தண்ணீருக்கோ ஆளுக்கோ காத்திருந்து 35 நாள் நாற்றை நட்டால், தூர் வெடிக்காமல் தாய்த் தண்டு மட்டும் சீக்கிரமாகச் சிறு கதிர் விட்டுவிடும். மத்திய கால இரகங்களுக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால இரகங்களுக்கு 35 முதல் 40 நாள் என்பது வரம்பு.

பின்னதாகக் கதிர் விட்டால் நவரைக் குளிர் சில நாள் தள்ளிப்போட்டதா என்று பார்க்கவும். நாற்று வயதும் பருவமும் சரியாக இருந்து, பத்து நாளுக்கு மேல் வேறுபாடு வயல் முழுவதும் ஒரே சீராக இருந்து, மணியின் வடிவமும் மாறியிருந்தால் மட்டுமே இரகம் மாறியது என்ற சந்தேகம் வலுக்கும். அதே குவியல் எண்ணை வாங்கிய இன்னொருவர் வயலிலும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் அது உறுதி.

அறிகுறி: கதிர் வந்தது, ஆனால் பதராகிவிட்டது

இந்த அறிகுறியில் விதைமேல் விழும் பழி பெரும்பாலும் அநியாயமானது. கதிரைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையோடு உருவி வந்தால் தண்டுத் துளைப்பான். வெண்கதிர் என்பது அதுவே. கதிரின் கழுத்துக் கணு கறுத்து மடங்கியிருந்தால் குலைநோய். மணிகளில் கரும்புள்ளியும் பாதிப் பதரும் இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. மணிக்குப் பதிலாக மஞ்சளோ கரும்பச்சையோ ஆன உருண்டை தெரிந்தால் நெற்பழம். நெற்பழம் வந்த ஆண்டு விளைச்சல் கூடும் என்று நம்பி அதை லட்சுமி நோய் என்றழைத்த காலம் உண்டு. நம்பிக்கை எப்படியாயினும், அந்த வயலில் விதை எடுக்க வேண்டாம்.

இவற்றில் எதுவும் இல்லாமல் கதிர் முழுவதும் வெறும் உமியாக நின்றால் பூத்த நாளைக் கணக்கிடவும். நெல் முற்பகலில்தான் பூக்கும். அந்த நேரத்தில் அடைமழை பெய்தாலும், வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும், மருந்து தெளித்தாலும் கரு பிடிக்காது. கடலூர், புதுவைக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை உறுதி, புயலும் வரும். ஆகவே ஆவணியில் குறுகிய கால இரகத்தை விதைத்தால் அது சரியாக அந்த மழையில் பூக்கும். ஆவணியில் விதைக்கும் சம்பாவுக்கு 135 நாளுக்கு மேற்பட்ட வெள்ளைப் பொன்னி, பிபிடி, சிஆர் 1009 போன்றவற்றைப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்ததன் காரணம், மழை ஓய்ந்தபின் பூ வர வேண்டும் என்பதே. அதே சிஆர் 1009-ஐ ஐப்பசிவரை தள்ளி விதைத்தால் பூவும் முற்றலும் தள்ளிப்போய், ஏரித் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத நாளில் மாட்டிக்கொள்ளும். நல்ல விதையும் தவறான பட்டமும் சேர்ந்தால் விளைவது பதர்தான்.

அறிகுறி: வெள்ளத்தில் மூழ்கிய வயலும் உவர் வயலும் தேறவில்லை

இவை விதையின் தரத்தைவிட இரகத் தேர்வைச் சார்ந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூழ்கும் தாழ்வயலுக்கு சிஆர் 1009 சப் 1, சுவர்ணா சப் 1 போன்ற இரகங்கள் இருக்கின்றன. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து பெற்ற மரபணு, இரண்டு வாரம்வரை முழுகிக் கிடந்தாலும் பயிரை மீண்டு வரச் செய்கிறது. நட்டு வேர் பிடிக்காத பயிருக்கும் பூத்த பயிருக்கும் அந்தக் காப்பு போதாது. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து உவர் நிலத்துக்குத் திருச்சி 3, கோ 43 போன்றவை பொருந்தும். அங்கே பொன்னியின் இலை மஞ்சளாகிப்போவதற்கு விதை விற்றவரைக் கேட்டுப் பயனில்லை.

விதையின் குறைதான் என்று உறுதியானால்

பயிர் வயலில் நிற்கும்போதே வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் விதை ஆய்வாளரிடமும் எழுத்தில் கொடுக்கவும். அறுத்தபின் கலவனைக் காட்ட இயலாது. அட்டை, ரசீது ஆகியவற்றின் நகலை இணைத்து அசலை வைத்துக்கொள்ளவும். புட்டி விதையில் பாதியைப் பிரித்துக் கடலூர் விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அறிக்கை பெறலாம். வயலைப் பார்த்துக் கருத்துச் சொல்ல விருத்தாசலத்திலும், புதுவையில் குரும்பாப்பட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதால், இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழி உண்டு. உண்மைநிலை விதைக்கும் 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் பொருந்தும். பச்சை அட்டை என்பதால் கேள்வி கேட்க முடியாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

அறிகுறி: அதே இரகம், அதே வயல், ஆண்டுக்கு ஆண்டு மகசூல் இறங்குகிறது

"இந்த இரகம் தேய்ந்துவிட்டது" என்று சொல்லும்போது பெரும்பாலும் தேய்ந்தது நம் குதிர் விதைதான். சிறிது கலப்பு, சிறிது நோய், சிறிது முளைப்புக் குறைவு என்று ஒவ்வொரு பட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. ஓர் ஓரத்தில் அதே இரகத்தின் புதிய சான்று விதையை ஐந்து சென்ட் அளவுக்கு நட்டு, உரமும் நீரும் ஒன்றாகக் கொடுத்து, இரண்டையும் ஒரே அளவு இடத்தில் அறுத்து எடை போட்டுப் பார்க்கவும். புதியது தெளிவாக முந்தினால் விதையை மாற்ற வேண்டும்; இரண்டும் சமமாக நின்றால் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். மூன்று நான்கு பட்டத்துக்கு ஒருமுறை சான்று விதையைப் புதுப்பித்தால் போதும். அதிலும் ஏக்கர் முழுவதற்கும் வாங்காமல், விதைக்கென ஒதுக்கும் பத்து சென்டுக்கு மட்டும் வாங்கி அதைப் பெருக்கிக்கொள்ளலாம். வீரிய ஒட்டு இரகங்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் நெல்லை மறுபடி விதைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, வயல் பல இரகம் கலந்ததுபோல் நிற்கும்.

அறிகுறி: சேமித்த விதையில் அந்துப்பூச்சி, மாவு, துளை

சாக்கின் மேல் வைக்கோல் நிற அந்துப்பூச்சி பறந்தால் உள்ளே மணிகளில் வட்டத் துளை தெரியும். துளை விழுந்தது விதைக்கு உதவாது. பூச்சிக்கு முந்திய காரணம் ஈரம். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் சேமிப்பு ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை நூலார் கணக்கு. நன்கு காய்ந்த மணியைக் கடித்தால் "டக்" என்று உடையும். ஈரமுள்ளது பல்லில் நசுங்கும். களத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை உள்ள கடும் வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறியபின் புதிய சாக்கில் கட்டவும். பழைய யூரியா பையில் வேண்டாம். அதன் மடிப்பில் உப்பும் ஈரமும் சென்ற ஆண்டு நெல்லும் தங்கியிருக்கும். சிமென்ட் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கவும். இரகப் பெயர், அறுத்த நாள், எந்த வயல் என்பவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சாக்கின் வாயில் கட்டி, அதே விவரம் எழுதிய இன்னோர் அட்டையை மூட்டைக்குள்ளும் போட்டுவைக்கவும். வெளியே கட்டியதை எலி கடித்துவிடும்.